பாலக்காரன் தூக்கம்

அத்தியாயம் ஏழு: திருகுகளை விட்டுச் சென்ற திருடன்

தான் கைகாட்டிய ஒரு பெண் ராத்திரி முழுக்கக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்த பிறகும், காலையில் காபி சூடாகத்தான் இருந்தது. நிதானத்துக்கு அதுவே பிடிக்கவில்லை. பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நிதானம் என்பது அந்தத் தனியார் துப்பறிவாளரின் பெயர் இல்லை. எந்த வழக்கையும் ஊறப்போட்டு, அலசி, பிழிந்து, காயவைத்த பிறகுதான் முடிவு சொல்வார் என்பதால் போலீஸ்காரர்கள் வைத்த பட்டப்பெயர். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த பெண் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லி, அந்தப் பதிலையே கிண்டலும் பண்ணிவிடுவாள். அவளுக்கு அவசரம் என்று பெயர் வைக்க யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை.

நேற்று அவசரப்பட்டது நிதானம்.

வழக்கு சின்னதுதான். தலைநகரின் நடுவே ஓடும் ஆற்றின் மேல் ஒரு தூக்குப் பாலம். பெரிய படகு வந்தால் பாலத்தின் நடுத்துண்டு மேலே போகும், படகு கடந்ததும் இறங்கும். பாலத்துத் தூணில் ஒரு பித்தளைப் பலகை. ஒரு வெள்ளத்தின்போது கயிறு அறுந்து வந்த பயணிகள் படகு பாலத்தில் மோத இருந்தது, பாலத்தைத் தூக்கி இறக்க வேண்டிய பாலக்காரன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், அங்கே போக்குவரத்துப் பணியில் நின்ற இளம் கான்ஸ்டபிள் மேலே ஓடிப்போய்ப் பாலத்தைத் தூக்கினார், படகு நிறைய இருந்த ஜனம் பிழைத்தது என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே அந்த வீரரின் முகம் புடைப்புச் சித்திரமாக. நடந்தது போன தலைமுறையில். ஊர் மறக்கவில்லை. வேலை நேரத்தில் யாராவது கொட்டாவி விட்டால்கூட, "என்ன, பாலக்காரன் தூக்கமா?" என்றுதான் இன்றும் கேட்கிறார்கள்.

அந்தப் பலகை காணாமல் போனது. மாநகராட்சி வேறொன்று மாட்டியது. அதுவும் போனது. அடுத்ததும் போனது. இதற்கிடையில் சம்பவத்தின் பொன்விழா வந்துவிட்டது. வீரருக்கு ஆளுயர வெண்கலச் சிலை செய்து, துணி போர்த்தி நிறுத்தியாயிற்று. நாளை மாலை திறப்பு. விழா அதிகாரி நிதானத்தைக் கூப்பிட்டு, "சிலையையும் ஒருத்தன் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான்னா, அப்புறம் அந்தப் பீடத்துல நான்தான் நிக்கணும்" என்று புலம்பினார்.

பலகையை மாட்டிய திருகுகளின் தலையில் வழக்கமான கோடு கிடையாது, முக்கோணப் பள்ளம். மூன்று மூலைத் திருப்புளி இல்லாமல் அசையாது. அதை வைத்திருந்த கடைகளில் ஒன்று, ஒரு தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. நடத்துகிறவள் அந்தப் பாலக்காரனின் மகள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, கையில் கருவியும் இருக்கிறது என்று நிதானம் சொல்லி வாய் மூடவில்லை, இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கிளப்பிவிட்டார். அந்தப் பெண் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஏறும்போது நிதானத்தை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு அப்போதே தோன்றியது.

அவசரம் ஸ்கூட்டரைப் பாலத்தின் ஓரமாக நிறுத்தினாள்.

"வழக்கு முடிஞ்சுதுன்னு பேப்பர்லயே போட்டாச்சு. நாம எதுக்கு சார் இங்க? திருடி மறந்து வெச்சுட்டுப் போன குடையைத் தேடவா?"

"அந்தப் பொண்ணு பார்த்த பார்வை சரியில்ல."

"பின்னே? ஜீப்புல ஏத்தி விட்டவரைப் பார்த்துக் கண்ணடிப்பாங்களா?"

நிதானம் தூணை நோக்கி நடந்தார். திருடி அகப்பட்டுவிட்டாள் என்ற தைரியத்தில் மாநகராட்சி ஆள் ஒருவர் தூணில் புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு திருகுகள், கையில் மூன்று மூலைத் திருப்புளி.

"ஒவ்வொரு தடவையும் ரெட்டை வேலை சார்" என்றார் அவர், திருகுகளைத் துப்பிவிட்டு. "பலகை போனா போவுது. திருகை மறுபடி அதே ஓட்டையில முடுக்கி வெச்சுட்டுல்ல போறாங்க. நான் வந்து முதல்ல அதைக் கழட்டணும், அப்புறம் மாட்டணும்."

நிதானம் நின்ற இடத்திலேயே நின்றார். "மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். கெட்டியா முடுக்கி, தூணைத் துடைச்சு வெச்சுட்டு."

"சட்டையைத் திருடிட்டு, பட்டனை மட்டும் டப்பாவுல போட்டு வெச்சுட்டுப் போன மாதிரில்ல இருக்கு" என்றாள் அவசரம்.

"கோபத்துல வர்றவங்க கடப்பாரையை விட்டு நெம்புவாங்க" என்றார் நிதானம் மெல்ல. "திருகைத் திருப்பி முடுக்க மாட்டாங்க. இது யாரோ அரசாங்கச் சொத்துல கீறல் விழுந்தா மனசு கேக்காத ஆளு. அரசாங்கச் சம்பளம் வாங்கின கை." ஒரு பெருமூச்சு விட்டார். "இதை நேத்தே பார்த்திருக்கணும். திருப்புளியைப் பார்த்தேன், திருகைப் பார்க்கல."

தூணுக்கு எதிரே ஒரு பத்திரிகைக் கடை. கடைக்கார அக்கா நாளிதழ்களை உதறி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பலகை காணாம போன நாள்ல இங்க யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டாள் அவசரம்.

"போலீஸ்காரங்களும் இதைத்தான் கேட்டாங்க. திருடன் யாராவது வந்தானான்னு. வரலைன்னு சொன்னேன்."

"திருடனை விடுங்க. வேற யாரு வந்தா?"

"யாரு வருவா? பாலிஷ்காரர் வந்தாரு. வழக்கமா வர்றவருதான், பலகையைத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கிட்டுப் போவாரு. இப்ப கொஞ்ச நாளா கழட்டி எடுத்துட்டுப் போயே தேய்க்கிறாரு போல. நல்ல மனுஷன், குனிஞ்ச தலை நிமிர மாட்டாரு."

"எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் கொண்டு வந்தாரா அக்கா?"

கடைக்கார அக்கா யோசித்தாள். உதறிய பேப்பர் கையிலேயே நின்றது. "கேக்கத் தோணலியேம்மா" என்றாள், நிதானத்தையும் அவசரத்தையும் மாறி மாறிப் பார்த்து.

நிதானம் விழா அதிகாரிக்குப் போன் செய்தார். மாநகராட்சியில் பலகை துடைக்க ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். பலகை செய்யவே வருஷக்கணக்கில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது, துடைக்க யார் ஆள் போடுவார்கள் என்று அதிகாரி சிரித்தார். நிதானம் சிரிக்காமல் போனை வைத்தார்.

பாலத்தின் தலைமாட்டில், இரும்புப் படிகளுக்கு மேலே, பாலத்தை இயக்கும் சின்ன அறை. அங்கிருந்து பார்த்தால் தூண் நேர் எதிரே தெரியும் என்று மேலே ஏறினார்கள். இப்போதைய பாலக்காரர் சின்ன வயசுக்காரர். பொத்தானை அமுக்கினால் மோட்டார் பாலத்தைத் தூக்கிவிடுகிறது. ஆனாலும் பழைய கைச்சக்கரம் அறையின் நடுவே அப்படியே இருந்தது, பக்கத்தில் பெரிய பல்சக்கரங்களோடு. மின்சாரம் போனால் அதுதான் கதி என்று கிரீஸ் பூசி வைத்திருந்தார்கள்.

"இதையா சுத்தணும்?" என்று அவசரம் சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. அவள் கைதான் மணிக்கட்டுக்கு மேல் கறுத்தது. "ஐயோ, புதுச் சட்டை சார். துப்பறியற செலவுல சேர்த்துடுங்க."

"பாலிஷ்காரரா? தெரியும் சார்" என்றார் இளம் பாலக்காரர். "இங்கேர்ந்து தினம் பாக்கறேனே. ஒரு விநோதமான ஆளு. பாலம் மேல போறப்போ ரோட்டுல போற நாயி கூட நின்னு வேடிக்கை பாக்கும். அவரு மட்டும் முதுகைத் திருப்பிக்கிட்டு நிப்பாரு. பாலம் இறங்குற சத்தம் கேட்டப்புறம்தான் திரும்புவாரு."

நிதானம் கீழே தூணைப் பார்த்தபடி நின்றார்.

"முகம் பாக்கணும்னா நம்ம கதைக்காரர்கிட்ட கேளுங்க" என்றார் பாலக்காரர். "டூரிஸ்ட்டுங்களைக் கூட்டிட்டு வந்து அந்தப் பலகை முன்னாடி நிக்க வெச்சு எப்பவும் போட்டோ எடுப்பாரு."

கதைக்காரர் என்பது, வெளியூர்க்காரர்களைக் கால்நடையாகக் கூட்டிக்கொண்டு தலைநகரின் பழங்கதைகளைச் சொல்லும் வழிகாட்டி. பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய மணிக்கூண்டின் அடியில், ஒரு கூட்டத்தின் நடுவே நின்றிருந்தார்.

"இந்த மணிக்கூண்டுக்கு ஆயுசு பூரா சாவி கொடுத்தவருக்குக் காது கேக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மணி அடிக்குதான்னு தெரிஞ்சுக்க, மணி மேல கன்னத்தை வெச்சுப் பாப்பாராம். அவரு செத்த அன்னிக்கு மணி நின்னு போச்சு. ஊர்க்காரங்க மணியைத்தான் விசாரிச்சாங்க, அவரை யாரும் விசாரிக்கல. எதிர்ல தெரியுதே அரண்மனை, அங்க இருந்த ராஜாவுக்கு ஜனங்கன்னா பயம். அவரு மாதிரியே இருந்த சமையல்காரருக்கு வேஷம் போட்டு ஊர்வலம் அனுப்புவாங்க. கல்லடி வாங்கினதெல்லாம் சமையல்காரர். அன்னிக்கு ராத்திரி ராஜாவுக்குச் சமைச்சதும் அவருதான்."

கூட்டம் கலைந்ததும் நிதானம் விஷயத்தைச் சொன்னார். வழிகாட்டி உற்சாகமாகத் தன் போனை எடுத்தார். பலகை முன்னால் எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சிரிக்கும் முகங்கள், தொப்பிகள், குழந்தைகள். படத்துக்குப் படம் ஓரத்தில் ஒரு கிழவர், கையில் துணியோடு, படத்திலிருந்து விலகிப் போகிற வேகத்தில்.

"இவருதான் பாலிஷ்காரர். கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யான்னு எப்பவும் நான்தான் சொல்லுவேன்."

நிதானம் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். பலகையும் கிழவரும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்த படம். பலகையில் இருந்த இளைஞனுக்குத் தடித்த மீசை, கிழவருக்கு மீசையே இல்லை. அவன் கன்னம் உப்பல், இவர் கன்னம் ஒட்டல். ஆனால் அவன் இடது காது, கதவில் போட்ட கைப்பிடி மாதிரி, தலையிலிருந்து தனியாக விறைத்து நின்றது. கிழவரின் காதும் அப்படியே.

அவசரம் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். 

"சார்," என்றாள் பிறகு, "ஊர்ல எல்லாத் திருட்டுலயும் திருடனோட படம் கிடைக்காம நாய் மாதிரி அலைவோம். இங்க திருட்டு நடந்த இடத்துலயே பித்தளையில அடிச்சு மாட்டி வெச்சிருந்திருக்காங்க."

"அவரு செத்துட்டாருன்னுல்ல எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன்" என்றார் வழிகாட்டி, முகம் வெளிறி. "பதவி உயர்வு கொடுத்து வேற ஊருக்கு மாத்திட்டாங்க, அப்புறம் தகவலே இல்ல. தன்னோட பலகையை எதுக்கு அவரே திருடணும்?"

"சம்பவத்தப்போ எடுத்த படம் உங்ககிட்ட இருக்கா?"

டூரிஸ்டுகளுக்குக் காட்ட அட்டையில் ஒட்டிய பெரிய படம் ஒன்று பையில் இருந்தது. வழிகாட்டி எடுத்து நீட்டினார். மேலே அவர்கள் பார்த்துவிட்டு வந்த அதே அறை. அதே கைச்சக்கரம். அதைப் பிடித்தபடி இளம் கான்ஸ்டபிள், வெள்ளைச் சட்டை, போக்குவரத்துப் போலீசின் வெள்ளைக் கையுறை.

நிதானம் படத்தைப் பார்த்தார். பிறகு அவசரத்தின் கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கிரீஸ் இன்னும் போகவில்லை.

"நீ ஒரே ஒரு தடவை தள்ளினே" என்றார். "இவரு பாலத்தையே தூக்கியிருக்காரு."

கையுறை சலவைக்காரர் கொடுத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

வழிகாட்டி அட்டையைத் திரும்ப வாங்கவில்லை. "பாலக்காரன் தூக்கம்னு சொல்லிக் குறட்டை விட்டுக் காட்டுவேன் சார்" என்றார். "எல்லாக் கதையையும் விட அதுக்குத்தான் சிரிப்பு நிறைய வரும்."

அவர்கள் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இன்று புதுப் பலகை மாட்டப்போகிறார்கள் என்ற செய்தி காலைப் பேப்பரிலேயே வந்திருந்தது. வெயில் தாழும் முன்பே கிழவர் வந்தார். சுத்தமான சட்டை, தோளில் ஒரு பை. பையிலிருந்து துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார், வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைத் துடைப்பதுபோல. பிறகு திருப்புளியை எடுத்தார்.

நிதானம் பக்கத்தில் போய் நின்றார். "நான் பிடிச்சுக்கட்டுமா ஐயா? தனியாளா கழட்டினா கீழே விழுந்துடும்."

கிழவரின் கை நின்றது. திரும்பிப் பார்த்தார். ஓடப் பார்க்கவில்லை. "போலீஸா?"

"இல்ல. போலீஸுக்குத் தப்பான ஆளைக் காட்டிக் கொடுத்தவன்."

"யாரை?"

"பாலக்காரரோட பொண்ணை. நேத்து ராத்திரியிலேர்ந்து ஸ்டேஷன்ல இருக்காங்க, உங்க திருட்டுக்கு."

 கிழவர் தூணில் சாய்ந்து, அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பேப்பரில் புதுப் பலகை செய்தியை மட்டும்தான் படித்திருந்தார் போலிருக்கிறது.

"அந்தக் குடும்பத்தை நான் விடவே மாட்டேனா" என்றார், யாரையும் பார்க்காமல்.

அவசரம் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். அவள் குரல் தணிந்திருந்தது. "பாலத்தைத் தூக்கினது யாருங்க?"

"அவருதான். அண்ணன்தான்." கிழவர் பாலக்காரரை அப்படித்தான் சொன்னார். "அன்னிக்குக் கரண்ட் இல்ல. வெள்ளத்துல படகு வருது, அது மேலேர்ந்து ஜனம் கத்துது. நான் வண்டிகளை நிறுத்திட்டு மேல ஓடினேன். அண்ணன் ஒத்த ஆளா சக்கரத்தைச் சுத்திக்கிட்டிருந்தாரு. பாலம் தூக்கிடுச்சு. படகு அடியில நுழையறப்போ, பல்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தற கொண்டி உடைஞ்சுது. பாலம் இறங்க ஆரம்பிச்சுது. நான் வாசல்ல மரம் மாதிரி நிக்கறேன். அவரு யோசிக்கவே இல்ல. கையைக் கொடுத்துட்டாரு."

"எதுக்குள்ள?"

"பல்லுக்குள்ள." கிழவர் தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். "சக்கரம் நின்னுது. படகு போயிடுச்சு. அவரு மயங்கிக் கீழே விழுந்தாரு, தலை இரும்புல அடிச்சுது. விளக்குக்கு வெச்சிருந்த ஸ்பிரிட்டுப் பாட்டில் உடைஞ்சு அவர் மேலெல்லாம் கொட்டிடுச்சு. அப்புறம் கூட்டம் வந்துது. பேப்பர்காரங்க வந்தாங்க. அவரைத் தூக்கிட்டுப் போறவங்க, ஆளு குடிச்சிருக்கான், வாடை அடிக்குதுன்னு சொல்றாங்க. எங்க அதிகாரி என் தோள்ல தட்டி, எங்க பையன்தான் தூக்கினான்னு சொல்லிட்டாரு. சக்கரத்துல கையை வெச்ச மாதிரி நில்லுப்பான்னு போட்டோக்காரர் சொன்னாரு. நின்னேன்."

"இல்லைன்னு ஒரு வார்த்தை..."

"பொய் சொல்லலையேன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன் அம்மா. வாயைத் திறக்கல, அவ்வளவுதானே. நான் சக்கரத்தைச் சுத்தறப்போ குடிகாரன் கை நடுவுல மாட்டிக்கிச்சுன்னு அவங்களே அதுக்கும் ஒரு கதை கட்டிட்டாங்க. அப்பவும் சும்மா இருந்தேன். வேலை முடிஞ்சு இந்த ஊருக்கே திரும்பி வந்தேன். வந்து பார்த்தா என் முகம் தூண்ல இருக்கு. தினம் வந்து தேய்ச்சேன். தேய்ச்சா தேஞ்சு போயிடும்னு ஒரு நப்பாசை. இன்னும் பளபளன்னு ஆச்சு. சிலை வைக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் கழட்ட ஆரம்பிச்சேன். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்ல, பலகையைக் கழட்ட மட்டும் தைரியம் இருந்துது."

நிதானம் அவரைத் திட்டுவார் என்று அவசரம் எதிர்பார்த்தாள். அவர் கையைக் கொடுத்துக் கிழவரை எழுப்பினார்.

"நீங்க வாயைத் திறக்காம ஒரு மனுஷனைக் கெடுத்தீங்க. நான் வாயைத் திறந்து அவரு பொண்ணைக் கெடுத்தேன். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

காவல் நிலையத்தில் விழா அதிகாரியும் இருந்தார். கிழவர் சொன்னதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"திருடினதும் நீங்க. பலகையில இருக்கிறதும் நீங்க. நான் யார்கிட்ட புகார் வாங்கி யார் மேல கேஸ் போடறது?"

விழா அதிகாரி கிழவரைத் தனியே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். "ஐயா, வயசாயிடுச்சு, ஏதோ குழப்பம். அந்தம்மாவை இப்பவே விட்டுடறோம், யாரும் எதுவும் பேச வேண்டாம். நாளைக்கு நீங்களே மேடையில உக்காருங்க. உயிரோட இருக்கிற வீரர்னா விழாவுக்கே தனிக் களை."

"இப்படித்தான் அன்னிக்கும் தோள்ல தட்டினாங்க" என்று கிழவர் அவர் கையை எடுத்துவிட்டார். "மேடையில ஏத்தினீங்கன்னா மைக்குல இதையேதான் சொல்லுவேன்."

அதிகாரி போனோடு வெளியே ஓடினார். "பயப்படாதீங்க சார்" என்று அவசரம் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். "சிலையோட உடம்பு அப்படியே இருக்கட்டும், தலையை மட்டும் மாத்திக்கலாம்."

உள்ளேயிருந்து பாலக்காரரின் மகளைக் கூட்டிவந்தார்கள். நாற்பதைத் தாண்டியவள், கசங்கிய புடவை, எண்ணெய்க் கறை போகாத நகங்கள். கிழவரைப் பார்த்தாள். அதிர்ச்சியோ கோபமோ அவள் முகத்தில் வரவில்லை. நிதானத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்."

"இவருதானே என் கடைக்கு வந்து திருப்புளி வாங்கினாரு" என்றாள் அவள். "சின்ன வயசுலேர்ந்து அந்தத் தூணைப் பார்த்துக்கிட்டே பள்ளிக்கூடம் போனவ நான். அந்த முகம் கடை வாசல்ல வந்து நின்னு, மூணு மூலைத் திருப்புளி இருக்கான்னு கேட்டா, எதுக்குன்னு தெரியாதா எனக்கு?"

"பின்ன ஏன் போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா இவரைப் பிடிச்சுப் போட்டிருப்பாங்க. பலகையைக் கழட்டற மனுஷன் என்னிக்காவது ஒரு நாள் என் வீட்டுக் கதவையும் தட்டுவாருன்னு நினைச்சேன். அதைக் கெடுத்துக்க வேண்டாம்னுதான்."

கிழவர் அவள் காலில் விழப் போவதுபோல் குனிந்தார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்கிட்ட வேண்டாம்" என்றாள். "அப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

 நிதானம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அப்பா... உயிரோடவா இருக்காரு?"

"இருக்காரே. நேத்து ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கிட்டாங்க." அவள் நிதானத்தை நேராகப் பார்த்தாள். "என் கடையைக் கேட்டீங்க, திருப்புளியைக் கேட்டீங்க, எனக்குக் கோபம் இருக்கான்னு கேட்டீங்க. அப்பா இருக்காரான்னு நீங்களும் கேக்கல சார். ஊர்ல யாரும் கேட்டதில்ல."

நிதானம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எப்படிச் சொன்னாலும் சின்னதாக இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் சொன்னார். அவள் தலையை மட்டும் அசைத்தாள், ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று தெரியாத மாதிரி.

கடைக்கு மேலே இரண்டு சின்ன அறைகள். மாடிப்படியில் ஏறும்போது அவள் நின்று, கிழவரிடம் சொன்னாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு உள்ள வாங்க. தலையில அடிபட்டதுல அப்பாவுக்கு அந்த நாளே ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ, நீ குடிச்சுட்டுத் தூங்கிட்டேன்னு சொன்னாங்க. நம்பிட்டாரு. ஒரு சொட்டு குடிச்சு நான் பார்த்ததில்ல. ஆனா ஊரே சேர்ந்து பொய் சொல்லுமான்னு கேப்பாரு. தூங்கறவன் கை எப்படிப்பா சக்கரத்துக்குள்ள போகும்னு நானும் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். படகுல அத்தனை பேரும் செத்திருப்பாங்களே, செத்திருப்பாங்களேன்னு இன்னமும் தூக்கத்துல எழுந்து உக்காருவாரு."

கிழவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் இத்தனை காலமாகப் பயந்தது ஒரு கோபக்காரனுக்கு. தன் குற்றத்தை இன்னொருத்தர் சுமந்துகொண்டு, அதையும் தன்னுடையதென்றே நினைத்துக்கொண்டிருப்பார் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"திரும்பிப் போயிடாதீங்க" என்றாள் அவசரம் பின்னாலிருந்து. "போனா நான் படியிலேயே உக்காந்துக்குவேன், தாண்டித்தான் போகணும்."

ஜன்னலை ஒட்டிக் கட்டில். பாலக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, அகலமான தோள். வலது கை போர்வைக்குள் இருந்தது. மகளைப் பார்த்ததும், "விட்டுட்டாங்களா? நான் செஞ்சதுக்கு உன்னைப் போய்..." என்று தொடங்கினார். பின்னால் வந்தவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பா, இவரு அன்னிக்குப் பாலத்துல இருந்தவரு."

பாலக்காரர் கிழவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தினார். "போலீஸ்காரத் தம்பியா? அன்னிக்கு நீ இல்லைன்னா என்ன ஆகியிருக்கும். நேர்ல வந்து சொல்லணும்னு நினைப்பேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன்."

கிழவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கட்டில் காலைப் பற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்காகப் பேச அவசரம் ஒரு அடி முன்னால் வந்தாள். நிதானம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். இதை வேறு யாரும் சொல்ல முடியாது.

"நீங்க தூங்கல அண்ணே" என்றார் கிழவர்.

"என்ன?"

"நீங்க தூங்கவே இல்ல. குடிக்கல. நீங்கதான் தூக்கினீங்க. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு விரல்கூட வைக்கல. அத்தனை பேரையும் காப்பாத்தினது நீங்க."

பாலக்காரர் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. அவர் மெதுவாக வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து மடியில் வைத்தார். கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அதை யாரோ தன்னிடம் கொடுத்துவைத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நானா?"

"நீங்கதான் அண்ணே. நான் சொல்லாம விட்டுட்டேன்."

கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்திருக்கலாம். வந்திருந்தால் கிழவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். பாலக்காரர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல தம்பி" என்றார். "முதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாம சொல்லு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள், தெருச் சத்தம் குறைய. கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மழை எப்போது பிடித்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார்.